துணைச் செல்கள் கெட்டால் நரம்புக்கு என்ன ஆகும்?

நகரி மாணவி

எல்லோருக்கும் வணக்கம். திருப்பதியில் செவிலியர் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும். நரம்பு மண்டலப் பாடத்தில் செய்தியைக் கடத்தும் நரம்புச் செல்லான நியூரானைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. கிளியா என்ற துணைச் செல்களுக்கோ ஓர் அட்டவணை மட்டும்தான். ஆஸ்ட்ரோசைட், ஒலிகோடென்ட்ரோசைட், மைக்ரோகிளியா, எபெண்டைமல் செல் ஆகியவை மூளையிலும் தண்டுவடத்திலும். ஷ்வான் செல், சாட்டிலைட் செல் ஆகியவை வெளி நரம்புகளில். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆதரவு’, ‘பாதுகாப்பு’, ‘ஊட்டம்’ என்று ஒரு சொல். மனப்பாடம் ஆகிவிட்டது, மனத்தில் உட்காரவில்லை.

ஒலிகோடென்ட்ரோசைட்டும் ஷ்வான் செல்லும் இரண்டுமே நரம்பிழையைச் சுற்றும் மையலின் என்ற கொழுப்பு உறையைத்தான் செய்கின்றன. பிறகு ஏன் இரண்டு வகை? துணைச் செல்கள் நியூரான்களைப் போலப் பத்து மடங்கு இருக்கின்றன என்பது உண்மையா? இவற்றைப் புரிந்துகொண்டு படிக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

புத்தூர் ஆசிரியர்

அம்மா, பத்து மடங்கு என்ற கணக்கைத் தேர்வில் எழுதிவிடாதே. நான் வேலை பார்த்த காலத்தில் எல்லாப் புத்தகங்களிலும் அது இருந்தது. மூளைத் திசுவைக் கரைத்துச் செல்களின் உட்கருக்களை எண்ணும் முறை வந்த பிறகு, 2009-இல் பிரேசில் ஆய்வாளர்கள் மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், ஏறத்தாழ 8,500 கோடி மற்ற செல்கள் என்று கணக்கிட்டார்கள். அதாவது கிட்டத்தட்ட சரிபாதி. அந்த மற்ற செல்களில் இரத்தக் குழாய்ச் செல்களும் அடக்கம். மூளையின் பகுதிக்குப் பகுதி விகிதம் மாறும். பெருமூளைப் புறணியில் துணைச் செல்கள் கூடுதல், சிறுமூளையில் நியூரான்கள் மிகமிகக் கூடுதல்.

இவை இவ்வளவு காலம் கவனிக்கப்படாமல் கிடந்ததற்கும் காரணம் உண்டு. 1856-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ இவற்றுக்குப் பெயர் வைத்தபோது, நரம்புச் செல்களுக்கு இடையே கிடக்கும் இணைப்புப் பொருள் என்றுதான் கருதினார். 1873-இல் காமில்லோ கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறைக்குப் பிறகே உருவங்கள் தெளிவாகத் தெரிந்தன. மைக்ரோகிளியாவையும் ஒலிகோடென்ட்ரோசைட்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்டேகா. அது 1919-க்கும் 1921-க்கும் இடையில். மின் துடிப்பை அளக்கும் கருவிகள் வந்த பிறகும் ஆய்வாளர்களின் கண் நியூரான் மேலேயே இருந்தது. இந்தச் செல்கள் நியூரானைப் போலத் துடிப்பை அனுப்புவதில்லை. கருவியில் பேசாததை எவரும் கேட்கவில்லை.

சித்தூர் இயன்முறையாளர்

தங்கை, அட்டவணையைத் தூர வைத்துவிட்டு நோயாளியிடமிருந்து தொடங்கு. எந்தச் செல் கெட்டால் மனிதருக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால் ஒவ்வொன்றின் வேலையும் தானாகப் பிடிபடும். நான் மாநில எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் பயிற்சி கொடுக்கிறவன். குடியாத்தத்திலிருந்தும் வருகிறார்கள், பலமனேரியிலிருந்தும் வருகிறார்கள். எனக்கு இந்தச் செல்கள் எல்லாம் நோயாளிகளின் கை கால் வழியாகத்தான் அறிமுகம்.

உன் முதல் கேள்விக்கே வருகிறேன். வயிற்றுப்போக்கு வந்து ஓரிரு வாரம் கழித்து, கால் இரண்டும் கீழிருந்து மேலாகத் தளர்ந்துகொண்டே போகும் நோயாளியைப் பார்த்திருப்பாய், இல்லாவிட்டால் இனிப் பார்ப்பாய். அது கியான்-பாரே நோய். உடலின் எதிர்ப்பு ஆற்றல் வெளி நரம்புகளின் மையலினைத் தாக்குகிறது. அதாவது ஷ்வான் செல்லின் கைவேலையை. சில சமயம் உறைக்குள் ஓடும் நியூரானின் நீண்ட இழையான ஆக்சானையே தாக்கும் வகையும் உண்டு. மூச்சுத் தசை வரை தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவமனையில் வைத்தே பார்க்க வேண்டும். பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் தளர்ச்சி உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதன் பிறகு பலர் எழுந்து நடக்கிறார்கள். ஏன்? ஷ்வான் செல் திரும்பவும் உறையைச் சுற்றிவிடும்.

இதையே மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு வைத்துப் பார். அங்கே அடி வாங்குவது ஒலிகோடென்ட்ரோசைட். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய இடங்களில் தழும்புகள் விழும். ஒரு கண்ணில் பார்வை மங்கும், சில வாரங்களில் தேறும். பிறகு கால் இழுக்கும். இங்கேயும் உறை மறுபடி உருவாகும், ஆனால் அரைகுறையாக. தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே இருக்கும் ஆக்சானே அழிகிறது.

ஓர் ஒலிகோடென்ட்ரோசைட் தன் கிளைகளை நீட்டி ஐம்பது இடங்கள் வரை, பல ஆக்சான்களுக்கு உறை போடும். ஷ்வான் செல் அப்படியல்ல. ஓர் ஆக்சானின் ஒரே ஒரு துண்டைத் தானே முழுவதுமாகச் சுற்றிக்கொள்ளும். ஆகவே ஓர் ஒலிகோடென்ட்ரோசைட் செத்தால் பல ஆக்சான்களில் ஒரே நேரத்தில் உறை போகும். ஒரு ஷ்வான் செல் செத்தால் ஒரு துண்டு மட்டுமே வெறுமையாகும், பக்கத்தில் இருப்பது பெருகி அதை ஈடுகட்டும். பிறப்பிலும் வேறுபாடு உண்டு: ஒலிகோடென்ட்ரோசைட் கருவின் நரம்புக் குழாயிலிருந்து வருகிறது, ஷ்வான் செல் அதன் விளிம்பில் எழும் நரம்பு முகட்டிலிருந்து.

நகரி மாணவி

நன்றி அண்ணா. இது புரிகிறது. வகுப்பில் மையலினை மின்கம்பியின் மேல் இருக்கும் ரப்பர் உறையோடு ஒப்பிட்டார்கள். அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

சித்தூர் இயன்முறையாளர்

முதல் நாள் பாடத்துக்குப் போதும். அதோடு நிறுத்தினால் மூன்று விஷயங்கள் தவறிப்போகும்.

மின்கம்பியில் உறை தொடர்ச்சியாக இருக்கும். நரம்பில் இடையிடையே ரான்வியர் கணுக்கள் திறந்திருக்கின்றன. துடிப்பை எழுப்பச் சோடியம் உள்ளே நுழையும் வாயில்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. துடிப்பு ஒவ்வொரு கணுவிலும் புதிதாகப் பிறந்து அடுத்த கணுவுக்குத் தாவுகிறது. உறையில்லாத மெல்லிய நரம்பில் வேகம் நொடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர். தடித்த உறையுள்ள நரம்பில் 120 மீட்டர் வரை. காலில் முள் குத்தியதும் ஒரு கூரிய வலி, சற்றுப் பொறுத்து மந்தமான வலி என்று இரண்டு வருவதன் காரணம் இதுதான்.

அடுத்தது, ரப்பர் உயிரற்றது. மையலினைச் செய்யும் செல் ஆக்சானுக்கு லாக்டேட் போன்ற எரிபொருளைக் கொடுக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஆக்சானுக்கு எல்லாம் தண்டுவடத்துப் பக்கம் இருக்கும் செல் உடலிலிருந்தே வர வேண்டும் என்றால் நடக்காது. உறை போன பிறகு ஆக்சானும் மெலிந்து அழிவது இதனாலும்தான்.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உறை போடாத ஷ்வான் செல்களும் உண்டு. வலியையும் சூட்டையும் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகள் பலவற்றை ஒரே செல் தன் மடிப்புகளுக்குள் வைத்துக் காக்கிறது. அதற்கு ரெமாக் வகை என்று பெயர். இது எங்கே முக்கியமாகிறது என்று காட்பாடி செவிலி அக்கா வந்தால் சொல்வார்.

திருத்தணி மருத்துவர்

நோயியல் துறையில் இருக்கிறேன். ஆஸ்ட்ரோசைட் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை. எனக்கு மிகப் பிடித்த செல் அது, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை ஆஸ்ட்ரோசைட்தான் அமைக்கிறது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். தடுப்பு என்பது நுண்குழாய்ச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டிருப்பதுதான். ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள் அந்தக் குழாயை வெளியிலிருந்து சூழ்ந்து, பூட்டு தளராமல் இருப்பதற்கான வேதிச் செய்திகளைக் கொடுக்கின்றன. இந்த வேறுபாட்டைத் தேர்வில் எழுதினால் திருத்துபவர் மகிழ்வார்.

அதன் பெரிய வேலை இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடமான சினாப்ஸில். நியூரான் குளூட்டமேட் என்ற செய்திப் பொருளை வெளியிட்டதும் செய்தி சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அது அங்கே தங்கினால் அடுத்த நியூரானை ஓயாமல் தூண்டிக் கொன்றே விடும். ஆஸ்ட்ரோசைட் அதை உறிஞ்சி, குளூட்டமினாக மாற்றி, நியூரானுக்கே திருப்பித் தருகிறது. துடிப்புக்குப் பிறகு வெளியே தேங்கும் பொட்டாசியத்தையும் வாரிக்கொள்கிறது. மூளையில் கிளைக்கோஜன் சேமிப்பு பெரும்பாலும் இதனிடம்தான். மனித மூளையில் ஓர் ஆஸ்ட்ரோசைட் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

இயன்முறையாளர் சொன்ன வழியில் நோயிலிருந்தே பார்ப்போம். மஞ்சள் காமாலை முற்றிக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவர் ஏன் நினைவிழக்கிறார்? கல்லீரல் கழிக்காத அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. மூளையில் அம்மோனியாவைக் குளூட்டமினாக மாற்றும் நொதி ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கிறது. அது மாற்றிக்கொண்டே போகிறது, உள்ளே குளூட்டமின் சேர்கிறது, தண்ணீரை இழுக்கிறது, செல் வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. காமாலைக்கு மருந்து கொடுக்கும் வீடுகளுக்கு நம் எல்லைப் பக்கத்தில் குறைவில்லை. காமாலைக்காரர் பகலில் தூங்கி இரவில் விழித்தால், பேச்சுக் குழறினால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இதை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை.

இன்னொன்று. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயை நெடுங்காலம் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகையாகவே நினைத்தார்கள். 2004, 2005 ஆண்டுகளில்தான் உண்மை தெரிந்தது: எதிர்ப்பொருள் குறிவைப்பது ஆஸ்ட்ரோசைட் பாதங்களில் உள்ள நீர் வாயிலை. அக்வாபோரின்-4 என்று பெயர். மையலின் போவது அதன் பின்விளைவு. மருத்துவமும் மாறிப்போனது, ஒரு நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மற்றதை மோசமாக்கும். எந்தச் செல் முதலில் அடிபட்டது என்று கேட்பது ஏட்டுக் கேள்வி அல்ல.

பள்ளிப்பட்டு நெசவாளி

நான் படித்தவன் அல்ல, தேடலில் இந்தப் பக்கம் வந்தது. என் அண்ணன் விசைத்தறி ஓட்டுகிறார். முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று வெகுநாளாக இருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை என்று விட்டுவிட்டார். இப்போது சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்திருக்கின்றன. போன வாரம் டீ கிளாஸைப் பிடித்தவர் விரலில் கொப்புளம் கண்டது, சூடே தெரியவில்லை என்கிறார். பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட அந்த விரல்கள் ஒத்துழைப்பதில்லை. ஒரு கடையில் சத்து மாத்திரையும் தேமல் களிம்பும் கொடுத்தார்கள். இதுவும் நரம்புச் செல் சம்பந்தப்பட்டதா?

காட்பாடி செவிலி

தம்பி, ஆமாம், சம்பந்தம் இருக்கலாம். களிம்பை நிறுத்திவிட்டு இந்த வாரமே அண்ணனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பயப்பட வேண்டாம், ஆனால் நாள் கடத்தவும் வேண்டாம். உணர்ச்சியற்ற தேமல் என்றால் முதலில் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இருந்தாலும் முழுமையாகக் குணமாகும் நோய் அது. மருந்து இலவசம்.

மாணவிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி, உடலில் தேடிப் போய்க் குடியேறுவது ஷ்வான் செல்லில். மிக மெதுவாகப் பெருகும், ஒரு முறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே கிருமி உள்ளே வந்து நோய் வெளியே தெரிய ஆண்டுகள் ஆகலாம், சிலருக்கு இருபது ஆண்டுகூட. குளிர்ந்த இடங்களை விரும்பும். முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் பக்கவாட்டு, முகம் என்று தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் பாதிக்கப்படுவது இதனால். உறை போடாத ஷ்வான் செல்களை முதலில் பிடிப்பதால் சூடும் வலியும்தான் முதலில் மறைகின்றன. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. அண்ணனுக்கு நடந்ததைப் படித்ததும் எனக்கு மனம் பதறியது அதனால்தான்.

நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்றும் சொல்கிறேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையைத் தோலில் செங்குத்தாக வைத்து அது வளையும் வரை அழுத்துவோம். தொட்ட இடத்தை நோயாளி விரலால் காட்ட வேண்டும். இழை வளைந்து நிற்கும், நோயாளியின் விரல் அசையாது. பிறகு முழங்கையின் உட்புறம், எலும்பு மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரல் நுனியை வைத்து உருட்டிப் பார்ப்போம். அல்னார் நரம்பு அங்கே தட்டுப்படும். இரண்டு கையையும் ஒப்பிட்டால் ஒரு பக்கம் தடித்து, தொட்டால் வலிக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் அந்த நரம்பின் ஆட்சிப் பகுதி.

கூட்டு மருந்துச் சிகிச்சை 6 மாதம் அல்லது 12 மாதம். மருத்துவர் முடிவு செய்வார். கிருமி செத்தாலும் நரம்புக்குள் வீக்கம் வந்தால் விரல் மடங்கிப் போகும். நரம்புப் பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்த வாரமே என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில், மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களால் தேய்கின்றன என்று அவர் காட்டியது எவ்வளவோ பேர் வாழ்வை மாற்றியது. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் இந்நோய்க்கென்றே ஆய்வும் மருத்துவமும் நடக்கிறது. எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கத்து மக்களும் வருகிறார்கள்.

புத்தூர் ஆசிரியர்

நெசவாளித் தம்பி, செவிலியம்மா சொன்னதை அப்படியே கேளுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் எலும்புக் கட்டுக்குப் பேர் போனது. மேல்கை எலும்பு முறிந்து வருகிறவர்களில் சிலருக்கு மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. முறிந்த எலும்பே நரம்பை நசுக்கிவிடுகிறது. அவர்களில் பலருக்குச் சில மாதங்களில் கை தூக்குகிறது. தண்டுவடம் அடிபட்டவருக்கு ஏன் அப்படித் திரும்புவதில்லை?

சித்தூர் இயன்முறையாளர்

ஐயா, விடை முழுக்கத் துணைச் செல்களிடம்தான் இருக்கிறது. வெளி நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள ஆக்சான் சிதைகிறது. பிரிட்டன் ஆய்வாளர் வாலர் 1850-லேயே தவளையிடம் இதைக் காட்டினார். அப்போது ஷ்வான் செல் மையலின் செய்வதை விட்டு, இளமை நிலைக்குத் திரும்பி, சிதைவுகளை அகற்றி, வரிசையாக நின்று பாதை அமைக்கிறது. வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கிறது. அந்தப் பாதையில் ஆக்சான் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. முறிவிலிருந்து மணிக்கட்டைத் தூக்கும் தசைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு மாதம். நோயாளிகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாதமே கைவிட்டுப் போகாமல், தாங்கு கட்டை (ஸ்பிளின்ட்) வைத்து மணிக்கட்டை நிமிர்த்திப் பயிற்சியைத் தொடர்கிறார்கள். அளவற்ற காலம் காத்திருக்கவும் முடியாது. ஷ்வான் செல்லின் அந்த உதவி நிலை மாதங்கள் செல்லச் செல்ல மங்கும், தசையும் மெலியும்.

தண்டுவடத்தில் ஒலிகோடென்ட்ரோசைட் அப்படிப் பாதை அமைப்பதில்லை. அதன் மையலினில் உள்ள சில புரதங்கள் வளர வரும் நுனியையே தடுக்கின்றன. ஆஸ்ட்ரோசைட் தழும்பு கட்டுகிறது.

திருத்தணி மருத்துவர்

தழும்பைப் பற்றி ஒரு சொல். அது தடை மட்டுமே என்று நெடுங்காலம் கற்பித்தோம். 2016-இல் எலிகளில் அந்தத் தழும்பு உருவாகாமல் தடுத்துப் பார்த்தார்கள். ஆக்சான் வளரவில்லை, நிலைமை மோசமானது. வீக்கம் பரவாமல் எல்லை கட்டுவதும் அந்தத் தழும்புதான். ஆஸ்ட்ரோசைட்டைக் குற்றவாளியாக்கி எழுதும் பாடக்குறிப்புகளை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

நகரி மாணவி

மைக்ரோகிளியா, எபெண்டைமல், சாட்டிலைட் மூன்றும் மீதம் இருக்கின்றன. அவற்றையும் இதே முறையில் சொல்வீர்களா?

திருத்தணி மருத்துவர்

மைக்ரோகிளியா பிறப்பிலேயே வேறு. மற்றவை நரம்புத் திசுவின் வழி வந்தவை. இது கருவின் மஞ்சட்கரு பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குள் வந்து தங்கிவிட்ட எதிர்ப்பாற்றல் செல். அடிபட்டால் மட்டும் விழிக்கும் என்று எண்ணியிருந்தார்கள். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்நோக்கியில் பார்த்தபோது அதன் கிளைகள் ஓயாமல் நீண்டு சுருங்கிச் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தன. வளரும் மூளையில் வேண்டாத சினாப்ஸ்களை விழுங்கவும் செய்கிறது. அல்சைமர் நோயில் இதன் பங்கு என்ன என்பது இன்றைய பெரிய ஆய்வுக் களம்.

எபெண்டைமல் செல்கள் மூளையின் உட்குழிவுகளுக்குச் சுவர். அவற்றின் நுண்மயிர்கள் மூளைத் தண்டுவடத் திரவத்தை அசைக்கின்றன. எந்நேரமும் 150 மில்லிலிட்டர் அளவே இருக்கும் அந்தத் திரவம் ஒரு நாளில் அரை லிட்டர் சுரக்கிறது. வழி அடைத்தால் குழந்தையின் தலை பெருக்கும்.

சாட்டிலைட் செல்கள் நரம்பு முடிச்சுகளில் நியூரானின் உடலைச் சூழ்ந்திருக்கின்றன. நரம்பு அடிபட்ட பின் வலி நீடிப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு.

மூளையிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிளியோமா என்று பெயர் இருப்பதையும் குறித்துக்கொள். வளர்ந்தவரின் நியூரான் பிரிந்து பெருகுவதில்லை. இந்தக் கட்டிகள் எழுவது துணைச் செல்கள், அவற்றின் முன்னோடிச் செல்கள் வழியாகத்தான். காது நரம்பில் வரும் கட்டி ஷ்வான் செல்லுடையது.

பள்ளிப்பட்டு நெசவாளி

அண்ணனை அழைத்துப் போனேன். அக்கா சொன்னபடியே நைலான் இழையை வைத்துப் பார்த்தார்கள், முழங்கையையும் தொட்டுப் பார்த்தார்கள். தொழுநோய்தான் என்று உறுதி செய்து மாத்திரை அட்டை கொடுத்தார்கள். நரம்புக்கு ஸ்டீராய்டும் தொடங்கியிருக்கிறது. அண்ணி அழுகிறார். தறிக்குப் போகலாமா, பிள்ளைகளோடு இருக்கலாமா என்று அண்ணன் கேட்கிறார்.

காட்பாடி செவிலி

போகலாம், இருக்கலாம். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே அவரிடமிருந்து பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைந்துவிடும். தனித் தட்டு, தனி அறை எதுவும் வேண்டாம். அண்ணியிடம் நானே பேசுகிறேன், சுகாதார நிலையத்தில் கேட்டால் அவர்களும் பேசுவார்கள்.

வீட்டில் உள்ள எல்லோரையும், பிள்ளைகளையும் சேர்த்து, ஒரு முறை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பாக ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பார்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அண்ணனுக்கு மாத்திரையால் சிறுநீர் சிவந்து போகும், தோல் கருக்கும். இரண்டும் மருந்தின் நிறம்தான், நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தவே கூடாது. தறி வேலையில் அந்தக் கைக்குத் துணி உறை போட்டுக்கொள்ளட்டும், டீ கிளாஸை மற்றக் கையால் பிடிக்கட்டும். தினமும் மாலையில் விரல்களைக் கண்ணால் பார்த்துக் காயம் உண்டா என்று சோதிக்க வேண்டும், ஏனென்றால் வலி சொல்லாது. விரல் நீட்டும் பயிற்சிக்குச் சித்தூர் இயன்முறையாளரைக் கேளுங்கள்.

சித்தூர் இயன்முறையாளர்

தம்பி, தனிச்செய்தியில் எழுதுங்கள். எண்ணெய் தடவி விரல்களை நிமிர்த்தும் முறையைப் படம் வரைந்து அனுப்புகிறேன். இரவில் கட்டிக்கொள்ளும் தாங்கு கட்டையை உங்கள் ஊரிலேயே செய்து வாங்கலாம்.